நாற்பது தடவை அடித்த போன்

மரக்காணம்
12-2-2025

அன்புள்ள தங்கச்சி சத்யப்ரியாவுக்கு,

அக்கா அம்சவள்ளி எழுதுவது. நானும் உன் மாமாவும் வெயிலில் காய்ந்தாலும் குறையில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் மூன்று வாரமாகத் தெரியவில்லை. போன் போட்டால் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று ஒரு பொம்பளை சொல்கிறாள். தினமும் அவள் குரலைக் கேட்டுக் கேட்டு அவளே எனக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டாள்.

எட்டாம் வகுப்பில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, இப்போதுதான் மறுபடி பேனா பிடிக்கிறேன். தப்பு இருந்தால் சிரிக்காதே. உன் பெரம்பலூர் ரூம் அட்ரஸ் பழைய டைரியில் கிடைத்தது.

இங்கே கார்த்திகைப் புயலில் கரைந்துபோன பாத்திகளை மறுபடி கட்டி மிதித்துக்கொண்டிருக்கிறோம். முப்பது பொம்பளைகள் வரிசையாக நின்று நாள் கணக்கில் காலால் மிதித்தால்தான் தரை இறுகும். இறுகாத தரையில் தண்ணீர் விட்டால் உப்பு சேறாக வரும். மிதிக்கும்போது பொழுது போக வேண்டுமே, உன் கதைதான். போன மாதம் பெரம்பலூர்ப் பக்கம் ரோட்டில் வேனும் லாரியும் மோதியதும், ஆம்புலன்சில் முதல் ஆளாகப் போய் இறங்கிய என் தங்கச்சி ஒன்பது பேரை உயிரோடு மீட்டதும் இந்த உப்பளத்தில் தெரியாத காக்கா குருவி இல்லை. கூட மிதிக்கிற சின்னப்பாப்பா, “போதும்க்கா, எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு”ன்னு கையெடுத்துக் கும்பிட்டாள். விடுவேனா?

முக்கியமான சேதி. பேப்பரில் வந்த உன் போட்டோவைப் பெரிதாக்கி உப்பளத்து முக்கில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறோம். ‘ஒன்பது உயிர் காத்த மரக்காணத்துச் சிங்கம்’ என்று போட்டிருக்கிறது. அம்மா போனபோது உனக்குப் பத்து வயது. உப்பு சுமந்து உன்னைப் படிக்க வைத்தேன் என்று நான் சொல்லிக் காட்டுவதில்லை. சரி, காட்டுகிறேன். எனக்கு அந்தப் பாத்தியதை உண்டு.

போனுக்கு என்ன வந்தது? உடனே பதில் போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பெருமையிலேயே வயிறு நிறைந்திருக்கும்
அக்கா அம்சவள்ளி


பெரம்பலூர்
21-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். நீயும் மாமாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது. கொஞ்ச நாள் லீவில் இருக்கிறேன். வேறு ஒன்றும் இல்லை. ஃப்ளெக்ஸைக் கழற்றிவிடு அக்கா. தயவுசெய்து.

பிரியா


மரக்காணம்
5-3-2025

அன்புள்ள பிரியாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நாலு வரியில் முடித்துவிட்டாய். ரேஷன் கடைக்காரன்கூட இதைவிட அதிகமாக அளப்பான்.

ஃப்ளெக்ஸைக் கழற்ற மாட்டேன். நீ கூச்சப்படுகிறாய். சின்ன வயதில் பரிசு கொடுக்கக் கூப்பிட்டால் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டவள்தானே நீ? அந்தப் புத்தி போகவில்லை.

போன் உடைந்தால் இன்னொன்று வாங்கக் கூடாதா? லீவில் இருக்கிறவளுக்கு அக்கா ஞாபகம் வரக் கூடாதா? கோபம் கோபமாக வந்தது. அப்புறம் உன் மாமா திண்டிவனம் போய் ஒரு பட்டன் போன் வாங்கி வந்தார். சார்ஜ் இரண்டு வாரம் நிற்குமாம். சிம் போட்டு, சத்தத்தை முழுசாக வைத்து, ஆன் செய்தே கூரியரில் அனுப்புகிறேன். அது அடித்தால் மோட்டார் ஓடும்போதுகூடக் கேட்கிறது. சோதித்துப் பார்த்துவிட்டோம்.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அடிப்பேன். எடுக்கிற வரைக்கும் அடிப்பேன். என்னிடமிருந்து தப்பிக்க முடியாது, சொல்லிவிட்டேன்.

காத்திருக்கும்
அக்கா


மரக்காணம்
18-3-2025

பிரியா,

நலமா என்று கேட்க வேண்டும். நலமில்லை என்று மனசு சொல்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து அடித்தேன். நாற்பது தடவை. எண்ணிப் பார்த்தது உன் மாமாதான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. நான் என்ன தப்பு செய்தேன்? மாப்பிள்ளை பார்ப்பதாகச் சொன்னதற்குக் கோபமா? வேறு யாரையாவது மனசில் வைத்திருக்கிறாயா? எதுவானாலும் சொல். அக்கா கத்துவேன், அப்புறம் ஒத்துக்கொள்வேன். உனக்குத் தெரியாததா?

அம்சவள்ளி


பெரம்பலூர்
26-3-2025

சகோதரி அம்சவள்ளி அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபை உங்கள் வீட்டில் எல்லோர் மேலும் இருக்கட்டும். என் பெயர் சகாயராஜ். சத்யப்ரியா வேலை பார்க்கும் ஆம்புலன்ஸின் டிரைவர் நான்தான். நம்ம பக்கத்துக்காரன், கீழ்புத்துப்பட்டு. அவர் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். அவருக்கு இப்போது பேனா பிடிக்கக் கை ஒத்துழைக்கவில்லை. பயப்பட வேண்டாம், உடம்புக்கு ஆபத்து இல்லை.

ஜனவரி இருபதாம் தேதி நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேன் நசுங்கிக் கிடந்தது. ஒவ்வொருவராக இறக்கினோம். ஒரு கால் மணி நேரத்தில் டிவியில் செய்தி ஓட ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அவரவர் வீட்டிலிருந்து போன் போட்டார்கள். அங்கே கிடந்தவர்களின் சட்டைப் பையிலும் பைக்குள்ளும் பத்துப் பன்னிரண்டு போன்கள் ஒரே நேரத்தில் அடித்தன. சாமிப் பாட்டு, சினிமாப் பாட்டு, குழந்தை சிரிக்கிற சத்தம். எடுக்க ஆள் இல்லை. பதினைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறேன் அக்கா, அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

அதற்கு அப்புறமும் சத்யப்ரியா பத்து நாள் வேலைக்கு வந்தார். நன்றாகத்தான் இருந்தார் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், யாருடைய போன் அடித்தாலும் திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொள்வார். தூக்கம் இல்லை. சாப்பாட்டில் ருசி இல்லை என்பார். ஒன்றுமில்லாததற்கு என்மேல் எரிந்து விழுவார், அப்புறம் மன்னிப்புக் கேட்பார். அந்த ரோட்டு வழியாகப் போக வேண்டாம் என்று சுற்று வழி சொல்வார். அவருடைய போனை அவரே சுவரில் எறிந்து உடைத்தார்.

நீங்கள் அனுப்பிய பார்சல் பதினாறாம் தேதி வரை பிரிக்காமல் ரூமில் இருந்திருக்கிறது. அதற்குள் போன் இருப்பது அவருக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தையும் அவர் பிரித்திருக்கவில்லை. பத்து மணிக்கு அது அடிக்க ஆரம்பித்ததும், ரூமை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா எனக்குத் தகவல் சொன்னார். நான் போனபோது, படுக்கை, துணி, அலமாரி எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். “யார் பாக்கெட்ல அடிக்குதுண்ணா? யார் பாக்கெட்ல அடிக்குது?” என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அந்த ரூமில் இல்லை அக்கா. ரோட்டில் இருந்தார்.

அரசு மருத்துவமனை மனநல டாக்டரிடம் அழைத்துப் போனேன். பேரதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மன அழுத்த நோய் என்று சொன்னார். “நடந்தது முடிஞ்சு போச்சுன்னு மனசுக்குத் தெரியுது, ஒடம்புக்கு இன்னும் தெரியல. சத்தம் கேட்டா அது திரும்ப அங்கியே போய் நிக்குது. இது பைத்தியம் இல்ல, கோழைத்தனமும் இல்ல. குணமாகும், ஆனா அவசரப்படுத்தக் கூடாது”ன்னு சொன்னார்.

நீங்கள் கிளம்பி வந்துவிடுவீர்கள் என்று அவருக்குத் தெரியும். “இப்ப வேணாம்னு சொல்லுங்கண்ணா. அக்கா மொகத்தைப் பார்த்தா நல்லா இருக்கற மாதிரி நடிக்கணும், அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல”ன்னு சொல்லச் சொன்னார். கடிதம் போடுங்கள். கடிதம் சத்தம் போடாது என்கிறார்.

உங்கள் சகோதரன்
சகாயராஜ்


மரக்காணம்
6-4-2025

என் தங்கமே பிரியா,

நானும் மாமாவும் இருக்கிறோம். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நாற்பது தடவை, பிரியா. இந்தக் கட்டைவிரலால் நாற்பது தடவை. உப்பில் கை வெடித்து எத்தனையோ வருடம் எரிந்திருக்கிறது, இப்படி எரிந்ததில்லை.

சகாயராஜ் தம்பி கடிதம் வந்த அன்று, வர வேண்டாம் என்று படித்தும் கிளம்பிவிட்டேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை மறுபடி படித்தேன். உன் ஊர்ப் பக்கம் போகிற பஸ் மூன்றை விட்டேன். நீ என் முன்னால் நடிக்க வேண்டுமே என்று நினைத்தபோது கால் எழவில்லை. அரை கிலோ முறுக்கு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் ஒருத்தர் பேச்சைக் கேட்டுத் திரும்பியது அதுதான் முதல் தடவை. உன் மாமாவே நம்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உப்பளத்தில் நீ எங்கே என்று கேட்டவர்களிடம், சென்னையில் டிரெயினிங் போயிருக்கிறாய் என்று பொய் சொன்னேன். மனநல டாக்டர் என்ற வார்த்தையை என் வாயால் சொல்ல வெட்கப்பட்டேன். ஊர் என்ன சொல்லும், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்றுதான் புத்தி போனது. உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டேன். நானே ஏணி வைத்து ஏறினேன்.

இனிமேல் என் கையால் உனக்கு போன் அடிக்க மாட்டேன். நீயாக அடிக்கிற அன்றுதான் நம்ம பேச்சு. மாரியாத்தா மேல் சத்தியம். என் போனின் சத்தத்தையும் அமுக்கிவிட்டேன். உனக்கு ஆகாத சத்தம் எனக்கு மட்டும் என்னத்துக்கு?

முறுக்கை இத்துடன் அனுப்புகிறேன். பாதி நொறுங்கியிருக்கும், தின்னு.

அக்கா


பெரம்பலூர்
27-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

முறுக்குத் தூளை ஸ்பூனால் தின்றேன். ருசி தெரிந்தது. மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை. மாமாவுக்கு என் அன்பு. உன் கை எரிச்சல் குறைந்ததா?

வாரம் ஒரு முறை டாக்டரிடம் போகிறேன். மாத்திரை சாப்பிடுகிறேன். கவுன்சிலிங் கொடுத்து ஆற்றுப்படுத்துகிற ஒரு அம்மா இருக்கிறார். நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லச் சொல்கிறார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்றைத் தவிர. அதை முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வேனுக்குள் ஒரு பையன் சிக்கியிருந்தான். தமிழரசன் என்று பெயர், இருபத்து மூன்று வயது. புது வேலையில் சேரப் போய்க்கொண்டிருந்தான். கம்பியை வெட்ட ஆள் வரும் வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தேன். ஆள் வருவதற்கு முன்பே போய்விட்டான். நான் கையை விடவில்லை. அப்போதுதான் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அதை நாங்கள் எடுக்கக் கூடாது, போலீஸ்தான் எடுக்க வேண்டும். அது நிற்கவே இல்லை அக்கா. எடுத்துவிட்டேன்.

அவன் அம்மா. “டிவில என்னவோ காட்டறாங்களே, எங்கப்பா இருக்கே?” என்றார். நான், “அம்மா, ஆம்புலன்ஸ்ல இருந்து பேசறேன். உங்க பையன் நல்லா இருக்கார். நான் கையைப் புடிச்சிட்டுத்தான் இருக்கேன்”னு சொன்னேன். அந்த அம்மா அழுதுகொண்டே, “நீ நல்லா இருக்கணும் தாயே, நூறு வருஷம் நல்லா இருக்கணும்”னு சொன்னார்.

அவன் இறந்து அப்போது பத்து நிமிடம் ஆகியிருந்தது.

எந்த போன் அடித்தாலும் எனக்குக் கேட்பது அந்த வாழ்த்துதான். பொய் சொல்லி வாங்கிய வாழ்த்து. ஒன்பது உயிர் காத்தவள் என்று எழுதி வைத்தாயே, பத்தாவது ஆளின் அம்மாவை ஏமாற்றியவளும் நான்தான். அதனால்தான் கழற்றச் சொன்னேன்.

இதைப் படித்த பிறகும் நீ எனக்கு எழுதுவாயா?

பிரியா


மரக்காணம்
11-5-2025

என் பிரியாவுக்கு,

எழுதுவாயா என்று கேட்டதற்கு நேரில் இருந்தால் தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும். நாங்கள் சௌக்கியம். என் கை ஆறிவிட்டது. உன் கடிதத்தைப் பத்து நாள் மடியிலேயே வைத்திருந்தேன், ஓரம் எல்லாம் உப்பு பூத்துவிட்டது.

நீ சொன்னது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேச மாட்டேன். அந்த இடத்தில் நானாக இருந்தால், அந்த போனைத் தொடக்கூட எனக்கு நெஞ்சுரம் இருந்திருக்காது. இதற்காக நீ உன்னையே வெறுக்கிறாய். நான் உன்னை வெறுக்கவில்லை. முன்னைவிட உயர்வாகத்தான் நினைக்கிறேன். அந்த அம்மாவிடம் ஒரு நாள் நீ பேச வேண்டியிருக்கும் என்று மட்டும் தோன்றுகிறது. இன்றைக்கு இல்லை. உனக்குத் தெம்பு வந்த பிறகு.

இப்போது இங்கே நடந்ததைக் கேள். போன வாரம் திடீரென்று கோடை மழை. வாரிக் குவித்த உப்பை மூடத் தார்ப்பாய் பத்தவில்லை. எங்களோடு வேலை செய்கிற மாரியம்மாள் ஓடிப்போய்க் கொட்டகையில் சுருட்டி வைத்திருந்த உன் ஃப்ளெக்ஸை எடுத்து வந்து மூடினாள். கீழே இருந்த உப்பு ஒரு கூடைகூடக் கரையவில்லை. மழை விட்டதும் எல்லோரும் கொட்டகையில் ஒதுங்கினோம். சின்னப்பாப்பா உன் பேச்சை இழுத்துவிட்டாள். “இன்னாக்கா, உன் தங்கச்சி ட்ரெயினிங்லாம் போவலையாம், பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போவுதாமே?”

முப்பது பேரும் என் வாயையே பார்த்தார்கள். நான் எழுந்து நின்றுகொண்டேன். “ஆமாண்டி. நான்தான் பொய் சொன்னேன். என் தங்கச்சிக்கு மனசுல காயம். மருந்து சாப்புடறா. போன வருஷம் உன் கால்ல கண்ணாடி குத்தி சீழ் வச்சிச்சே, எவளாவது சிரிச்சாளா? நாங்கதானே தூக்கினு போனோம்? அவ ஒன்பது பேரைத் தூக்கினா, அதுல பட்ட காயம் இது. இதைச் சொல்ல எனக்கு வெக்கம் இல்ல”ன்னு சொல்லிவிட்டு, போன்கள் அடித்த கதை முழுவதையும் சொன்னேன். அந்த அம்மா விஷயத்தைச் சொல்லவில்லை. அது உன்னுடையது.

சின்னப்பாப்பா அழுதுவிட்டாள். அது பெரிசில்லை, அவள் சீரியலுக்கே அழுவாள். மோட்டார் போடுகிற கலியபெருமாள் அண்ணன் இருக்கிறாரே, சுனாமி அலையில் மச்சானைக் கையில் பிடித்திருந்தும் தவறவிட்டவர். இருபது வருடமாக அவர் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததில்லை. சோறு தின்னும்போதும் கிழக்கே பார்த்துத்தான் உட்காருவார். கடலுக்கு வாட்ச்மேன் என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்ததே நான்தான். அவர் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், “ஏம்மா அம்சா, அதுக்கு மாத்திரை இருக்குதா?”ன்னு கேட்டார்.

இருபது வருடம் அந்த மனுஷனைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன் பிரியா. “இருக்குதுண்ணா, தங்கச்சியைக் கேட்டுச் சொல்றேன்”னு சொன்னேன்.

பதில் போடு. நிதானமாகப் போடு.

உன் அக்கா


பெரம்பலூர்
19-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த முறை சும்மா எழுதவில்லை, கொஞ்சம் நலம்தான். மாமாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? கலியபெருமாள் அண்ணனை அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல். எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும் என்று தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இருபது வருடம் ஆனாலும் பார்க்கலாமாம், கேட்டுவிட்டேன்.

ஆற்றுப்படுத்துகிற அம்மாவிடம் அதையும் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொன்ன பிறகு அவரிடம் சொல்வது எளிதாக இருந்தது. அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். ஏழாவது தடவை சொன்னபோதுதான், அன்று வெயில் அடித்தது, ரோட்டோரத்தில் ஒரு ஆள் தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தார் என்பதெல்லாம் ஞாபகம் வந்தது. அதுவரை எனக்கு போன் சத்தம் மட்டும்தான் இருந்தது.

நீ அனுப்பிய பட்டன் போனை நான் தூக்கி எறியவில்லை. ஆற்றுப்படுத்துகிற அம்மாவின் மேசையில் வைத்து, சத்தத்தைக் குறைத்து, நான் சொல்லும்போது அடிக்க விடுகிறோம். நான் நிறுத்து என்றால் நிறுத்துவார். முதல் நாள் இரண்டு மணியோசை தாங்கினேன். நேற்று ஆறு. உடம்பு நனைந்துவிடுகிறது, ஆனால் ரூமில்தான் இருக்கிறேன்.

ஊருக்கு வரலாமா என்று பார்க்கிறேன் அக்கா. ஆனால் அங்கே முப்பது பேரிடமும் போன் இருக்குமே.

பிரியா


மரக்காணம்
28-6-2025

பிரியாக்கண்ணு,

வருகிறேன் என்று நீ எழுதியதும் உன் மாமாவின் முட்டிவலி ஓடிவிட்டது. எங்கள் சுகத்துக்கு வேறு என்ன வேண்டும்?

வா. போனைப் பற்றி நீ கவலைப்படாதே. நான் ஒன்றும் கெஞ்சவில்லை. சின்னப்பாப்பாதான் நீலக் கலர் பக்கெட் ஒன்றைக் கொண்டு வந்து வரப்பில் வைத்து, “அந்தப் பொண்ணு வர அன்னிக்கு எல்லாரும் போனை ஆஃப் பண்ணி இதுல போடுங்க. எவளாவது மறந்தா பாத்தியில முக்கிடுவேன்”னு உத்தரவு போட்டுவிட்டாள். முதலாளி வந்தால் அவர் போனும் பக்கெட்டில்தான்.

கலியபெருமாள் அண்ணன் உன் சீட்டை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். டாக்டரிடம் என்ன சொன்னாராம் தெரியுமா? “எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணுக்கு இது இருக்குதுங்க, அது அனுப்பி வச்சுது”ன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாராம்.

முறுக்கு நான் நொறுக்காமல் வைத்திருக்கிறேன்.

அக்கா


பெரம்பலூர்
31-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும், என்னுடன் பாத்தி மிதித்த எல்லோரும் சுகம்தானே? ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது, என் குதிகால் வெடிப்பு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றிருக்கிறது. அந்த ஆறு நாளும் ஒரு போன் அடிக்கவில்லை. உப்புக் குவியல் மேலே ஃப்ளெக்ஸில் என் முகம் வெளுத்துப்போய்ப் படுத்திருந்ததைப் பார்த்து நீ சிரித்தாய், நானும் சிரித்தேன்.

நேற்று தமிழரசனின் அம்மாவைப் பார்த்தேன். பெயர் பாப்பாத்தி. மானாவாரி நிலத்தில் சோளம் போடுகிறார். சகாயராஜ் அண்ணன் முன்கூட்டியே போய்க் கேட்டு, வரச் சொன்ன பிறகுதான் போனோம். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன்.

“நான்தாம்மா அன்னிக்குப் பேசினது. உங்ககிட்ட பொய் சொன்னேன்”னு சொன்னேன். அந்த அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். அப்புறம், “தெரியும். ஆஸ்பத்திரியில நேரத்தைச் சொன்னாங்க. உன்னைப் பார்த்தா அறையணும்னு இருந்தேன்”னு சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். அவர் அறையவில்லை. “ஆனா அந்தப் பேச்சை நம்பித்தான் பஸ் ஏறினேன். இல்லாட்டி வாசல்லயே விழுந்திருப்பேன். எம்புள்ளையைப் பார்க்க என் கால்லயே நடந்து போனேன்”னு சொன்னார்.

பிறகு என் வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “கையைப் புடிச்சிட்டிருக்கேன்னு சொன்னியே, அதுவும் பொய்யா?”ன்னு கேட்டார்.

“இல்லம்மா. அது நெசம்”னு சொன்னேன்.

அவர் அந்தக் கையை விடவில்லை. சோறு போட்டுத்தான் அனுப்பினார்.

திரும்பும்போது அதே ரோட்டில் வண்டியை விடச் சொன்னேன். அந்த இடத்தில் இறங்கி நின்றேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் அது வெறும் ரோடுதான். அடுத்த மாதத்திலிருந்து பாதி நேர வேலை. முதல் மூன்று மாதம் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். விபத்து இடத்தில் போன்கள் அடிக்கும், அதைக் கேட்டுவிட்டு வந்தால் பேசாமல் இருக்காதீர்கள் என்பதைத்தான் முதல் பாடமாக வைக்கப்போகிறேன். இன்னும் சில நாள் தூக்கம் வருவதில்லை. அதையும் மறைக்கவில்லை.

உன் பிரியா


மரக்காணம்
15-9-2025

என் சிங்கக்குட்டி பிரியாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம், ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி நான்தான். நேற்றிலிருந்து என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தைக் கொட்டகையில் சத்தமாகப் படித்தேன். அந்த அம்மா விஷயம் வந்ததும் நிறுத்தி, மனசுக்குள் படித்துவிட்டு, வேலைக்குப் போகிற இடத்திலிருந்து மறுபடி சத்தமாகப் படித்தேன். இன்னொரு ஃப்ளெக்ஸ் வைக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெருமை பேச எனக்கு வாய் இருக்கிறது. கலியபெருமாள் அண்ணன் நேற்று கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து டீ குடித்தார், இரண்டு வாய். அப்புறம் திரும்பிக்கொண்டார். இரண்டு வாய் குடித்தார் பிரியா!

அதைப் பார்த்துவிட்டு வந்து, மணி பார்க்கலாம் என்று சாப்பாட்டுப் பையிலிருந்து போனை எடுத்தேன். அதில் உன் நம்பர். அந்த பட்டன் போன் நம்பர். காலை பத்து மணிக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று. மூன்று தடவை நீ அடித்திருக்கிறாய். நீ அடித்திருக்கிறாய்! நான் எடுக்கவில்லை. ஏப்ரல் மாதம் அமுக்கிய சத்தம் இன்னும் அமுங்கியே கிடக்கிறது. அதற்குள் விரல் உன் நம்பருக்குப் போய்விட்டது. சின்னப்பாப்பா கையைப் பிடித்து இழுத்தாள். “சத்தியம் பண்ணியிருக்கேக்கா. நீ அடிக்கக் கூடாது”ன்னு சொன்னாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். இதைக் கையில் வாங்கியதும் நாள் குறித்துக்கொள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, இருபத்தொன்றாம் தேதி, காலை பத்து மணி. சத்தத்தை முழுசாக வைத்து, பக்கெட்டுக்கு வெளியே, வரப்பு மேல் என் போனை வைத்திருப்பேன். முப்பது பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நிற்போம் என்கிறார்கள். போன தடவை பத்து மணிக்கு நான் அடித்தேன். இந்தத் தடவை நீ அடி. முதல் மணியிலேயே எடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இரண்டு மணி அடிக்கட்டும். என் தங்கச்சி அடிக்கிற சத்தத்தை இந்த உப்பளம் கேட்க வேண்டும்.

அக்கா அம்சவள்ளி